இத்தா வீட்டுக்கு வந்த பிள்ளைகள்

முப்பத்தெட்டு நாளாக ஸமீமா தாத்தா எல்லாவற்றுக்கும் "ம்ம்" என்றுதான் சொன்னார். சோறு போடட்டுமா? ம்ம். யன்னலைச் சாத்தட்டுமா? ம்ம். எங்களுக்குள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் நிப்லா. வெள்ளவத்தையில் அவருடைய கல்யாண உடுப்புக் கடையில் பதினாலு வருஷமாகத் துணி வெட்டுகிறேன்.

கணவர் அஹ்ஸன் ஹாஜியார் கண்ணை மூடி மௌத்தான நாளிலிருந்து தாத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது, அந்நிய ஆண்கள் உள்ளே வரவும் கூடாது. வெள்ளை உடுத்துக்கொண்டு அந்த மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆள் அப்படி வாயில்லாப் பூச்சி அல்ல. ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி இருபத்திரண்டு மெஷின் வரை கொண்டுவந்தவர். வருஷா வருஷம் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு,  தெரிவாகும் ஐந்து பெண் பிள்ளைகளுக்குப் படித்து முடியும்வரை செலவு செய்வார். கடையின் பின்னறைக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, தானே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் கதைப்பார். போட்டோ கிடையாது, மேடை கிடையாது. பிள்ளைகளின் பெயர் தாத்தாவுக்கும் ஹாஜியாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த முறை ஹாஜியாரின் தம்பி மீரா சாஹிப் போன் எடுத்தார். "மதினி, இந்த வருஷம் நானே பாத்துக்கொள்ளட்டா? மண்டபம் எடுத்து, மௌத்தான எங்கட நானாட பேரில பேனர் அடிச்சு, நல்லாச் செய்வோம்."

"ம்ம்" என்றார் தாத்தா. அதையே சாட்டாக வைத்து என்னிடமிருந்து பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் வாங்கிக்கொண்டார் மீரா சாஹிப்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் பிச்சைக்காரனுக்குப் பாண் துண்டு கொடுத்தாலும் பேஸ்புக்கில் போடுகிறவர்.

இரண்டு நாளில் கொட்டாஞ்சேனையிலிருந்து சஹ்லா என்ற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். மெடிசினுக்குத் தெரிவானவள். "மேடையில ஏத்திப் படம் பிடிப்பாங்களாம். வாப்பா ஏலாண்டு செல்லிட்டார். நான் கம்பஸுக்குப் போகல்ல, நிப்லா தாத்தா." வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. மற்ற நாலு பேரும் அதே கதைதான் சொன்னார்கள்.

நேரே போய்த் தாத்தாவிடம் கொட்டித் தீர்த்தேன். "நீங்க ம்ம் எண்டீங்க. அஞ்சு புள்ளைகள்ட படிப்புப் போகப் போகுது."

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக் கேட்டார்: "என்னைப் பாக்க பொம்புளைகள் வரலாந்தானே?"

"வரலாம்."

"அப்ப வரச் செல்லு. மௌத்து விசாரிக்க வார மாதிரி வரட்டும்."

புதன்கிழமை காலை, மண்டபத்தில் விழா வைத்திருந்த அதே நேரத்தில், பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் படியேறி வந்தார்கள். தாத்தா தேத்தண்ணீர் ஊற்றினார், கேட்க வேண்டியதைக் கேட்டார், படிப்புச் செலவைப் பொறுப்பேற்கும் கடிதங்களில் கையெழுத்து வைத்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே மீரா சாஹிப், வேர்த்து விறுவிறுத்து. "மண்டபத்தில ஒரு புள்ளையும் இல்ல! எல்லாம் இங்கயா?" வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டார். ஆனால் உள்ளே கால் வைக்க முடியாதே, இத்தா வீட்டில் கணவனின் தம்பியும் அந்நிய ஆண்தான்.

உள்ளிருந்து தாத்தாவின் குரல் வந்தது. "மௌத்து வீட்டுக்கு வந்த புள்ளைகளைத் துரத்த ஏலுமா, தம்பி?"

அந்த மனிதர் செருப்புகளை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சஹ்லாவும் சிரித்தாள். தாத்தாவும் சிரித்தார், உடம்பு குலுங்க, நல்ல சிரிப்பு. அப்படியே படுக்கையறைப் பக்கம் திரும்பி, "இஞ்ச கேட்டீங்களா, உங்கட தம்பி..." என்று ஆரம்பித்தார்.

அறை வெறுமையாக இருந்தது. தாத்தா அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.