கோலமாவில் பிறந்த திடல்

அந்தச் சனிக்கிழமை நான் கண் விழித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஒன்று சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில். இன்னொன்று சாமி மேடைக்கு நேர் எதிரே. அம்மாவுக்கு அடங்காத கோபம். இருந்தாலும் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது, கைப்பழக்கம் விடாமல், அந்த மோட்டாரின் முன்விளக்கில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

எனக்கு அப்போது பத்து வயது. அவ்வளவு குதூகலமான காலை அதற்கு முன் எனக்கு விடிந்ததே இல்லை.

எல்லாம் மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி அவர். புளோக்குகளுக்கு நடுவே இருந்த காலி நிலத்தில், அங்சானா மரத்தடியில் ஒரு தார்ப்பாயைக் கட்டி மோட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார்களில், அவர் கைபடாத ஒன்று எங்கள் வட்டாரத்தில் ஓடியதில்லை. நிலத்தின் மற்ற பாதி, பந்து விளையாடும் பிள்ளைகளான எங்களுடையது. பந்து அடிக்கடி அவருடைய எண்ணெய்த் தட்டில் போய் விழும். வாய் நிறையத் திட்டிவிட்டு, பந்தைத் துடைத்து உதைத்து அனுப்புவார்.

அந்த நிலத்தில் பல மாடிக் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது என்று கொஞ்ச நாளாகவே பேச்சு அடிபட்டது. அப்புறம் வந்தது இன்னொரு செய்தி. எங்கள் பகுதிக்கு நகராண்மைக் கழகம் புதிய திட்ட வரைபடம் போடுகிறதாம். வீடு எங்கே, கடை எங்கே, பட்டறை எங்கே, திடல் எங்கே என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பார்களாம். அதற்கு முன்னால் அதிகாரிகள் நேரில் வந்து, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்களாம். எங்கள் பக்கம் வருவது சனிக்கிழமை.

மாமா வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் திட்டத்தைச் சொன்னார். "காலி நெலம்னு எழுதுனாங்கன்னா கார் பார்க் வந்துரும். திடல்னு எழுதிட்டா எவனும் கை வைக்க முடியாது லா."

"அப்ப ஒன் பட்டறை?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு நாள் ஒளிச்சு வச்சா போதும் மச்சான். அவங்க போன ஒடனே மறுபடியும் விரிச்சுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

நான் தூங்கிய பிறகு ஒன்பது மோட்டார்கள் மறைந்தன. படிக்கட்டுக்கு அடியில் சில, அண்டை வீடுகளில் சில, பின்சக்கரத்தில் நிமிர்த்தி லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்த இரண்டு எங்கள் கூடத்தில். விடிந்ததும் நான் ஓடிப்போய் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி ஆள் சேர்த்தேன். தமிழ், மலாய், சீனம் என்று பார்க்கவில்லை. ஆட வந்தால், சீவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் உண்டு என்று மாமாவைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தேன். எண்ணெய்க் கறைகள் மேல் மாமா மணலைக் கொட்டினார். திடலுக்குக் கோடு வேண்டுமே? அம்மாவின் கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பின்னாலேயே அம்மா வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். மாமா போட்ட கோட்டைப் பார்த்து, "என்னடா இது, பாம்பு மாரி போவுது? தள்ளு!" என்று டப்பாவைப் பிடுங்கி, நூல் பிடித்த மாதிரி நான்கு பக்கமும் இழுத்துவிட்டார். நடுவட்டம் வெறுமையாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் எட்டிதழ்த் தாமரை ஒன்றையும் போட்டார். பச்சரிசி மாவு அல்லவா, ஐந்து நிமிடத்தில் மைனாக் கூட்டம் வந்து கார்னரைத் தின்ன ஆரம்பித்தது! அவற்றை விரட்டவே தனியாக இரண்டு பேரைப் போட வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். முக்காடு அணிந்த ஒரு மலாய் அக்கா, கேமராவோடு ஓர் இளைஞர். மாமா விசிலை ஊதினார். அப்படி ஓர் ஆட்டத்தை ஜெலுத்தோங் கண்டிருக்காது. எத்தனை பேர் ஆடுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மாமா இரண்டு பக்கமும் சரிசமமாக ஃபவுல் கொடுத்துக்கொண்டிருந்தார். இளைஞர் தாமரையை நான்கு கோணத்தில் படம் எடுத்தார்.

நான் கோல்கீப்பர். அந்த அக்கா என்னிடம்தான் வந்தார். தினமும் விளையாடுவீர்களா என்று மலாயில் கேட்டார்.

"தினமும். மழை பெய்தாலும்" என்று மலாயிலேயே அடித்துவிட்டேன்.

அவர் நகர்ந்து அங்சானா மரத்தடிக்குப் போனார். கோலை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். மணலைக் காலணியால் லேசாகத் தள்ளினார். கறுப்பாக எண்ணெய் தெரிந்தது. இங்கே மோட்டார் பட்டறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் சொல்லு தங்கச்சி, பட்டறைக்கும் திட்டத்தில் ஓர் இடம் காட்ட வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன் என்றார்.

நானா ஏமாறுவேன்? "இல்லை. அப்படி ஒன்று இங்கே இருந்ததே இல்லை" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் இரண்டு கோல் விழுந்தது. கவலையே படவில்லை. தூரத்தில் மாமா விசிலைக் கடித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தப் பதிலை வாரக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, பொதுமக்கள் பார்வைக்கென்று வரைபடத்தைச் சமூக மண்டபத்தில் மாட்டினார்கள். மாமாவும் நானும் போனோம். ஒரு சுவர் முழுக்க நிறங்கள்! எங்கள் புளோக்கை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பக்கத்தில் பச்சை. முழுப் பச்சை! "திடல் மாமா! திடல்!" என்று மண்டபம் அதிரக் குதித்தேன்.

மாமா அந்தப் பச்சையின் ஓரத்தில், மரம் இருந்த மூலையில் விரலை வைத்தார். மேசையில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பச்சையில் பட்டறை நடத்த முடியாது, அதற்கு வேறு நிறம், ஆட்சேபம் இருந்தால் இதில் எழுதிக் கொடுங்கள் என்று அவர் ஒரு பாரத்தை நீட்டினார். மாமா பாரத்தைப் பார்த்தார். குதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வா, ஒன் டீமுக்கு ஐஸ் கச்சாங் பாக்கி இருக்குல்ல" என்றார்.

அடுத்த வருடம் வேலி வந்தது, ஊஞ்சல் வந்தது, நிஜமான கோல் கம்பங்கள் வந்தன. அங்சானா மரத்தைச் சுற்றி சிமெண்டு பெஞ்சு போட்டார்கள். மாமா கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் யாருடைய கடைக்கோ வேலைக்குப் போனார். காலையில் ஃபெர்ரி, மாலையில் ஃபெர்ரி. தினமும் இரண்டு தடவை கடல்! எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

ஒரு நாள் அவர் களைத்து வந்து உட்கார்ந்ததும் கேட்டே விட்டேன்: "ஒங்களுக்கு மட்டும் எப்படி மாமா இவ்வளோ அதிர்ஷ்டம்?"

மாமா சிரித்தார். என் தலையில் கையை வைத்து, "எல்லாம் ஒன் புண்ணியந்தான்" என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் கேட்டதும் அம்மா ஏன் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. கீழே திடலில் ஆட்டம் தொடங்கிவிட்டது. கோல்கீப்பர் இல்லாமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.