நான் குறைத்துச் சொன்ன எண்

என் விசிலை யாரோ ஒளித்து வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்று வாரத்தில் நான்கு தடவை அது காணாமல் போனது. ஒருமுறை அரிசி வாளிக்குள் கிடந்தது. இன்னொருமுறை வேதாகமத்துக்குப் பின்னால். நான் வைக்கவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வீட்டில் இருப்பதோ நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் மட்டும். பிறகென்ன சந்தேகம்?

"நான் பயிற்சி குடுக்கப் போறது ஒனக்குப் பிடிக்கலன்னா மொகத்துக்கு நேரா சொல்லு. இந்தக் கள்ள வேலையெல்லாம் வேணாம்" என்று கத்தினேன்.

"ஒங்க விசில் எனக்கு எதுக்குங்க? நான் என்னா போலீஸ் வேலைக்கா போறேன்?" என்றாள் அவள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (பிள்ளைக் காப்பகத்தில்) முப்பது குழந்தைகளைச் சமாளிக்கிறவள். அவ்வளவு சீக்கிரம் அழமாட்டாள். அன்றைக்கு அழுதாள்.

இதைப் படிக்கிறவர் தலையில் அடிபட்டவராகவோ, அடிபட்டவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவராகவோ இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தலைவலிக்கு முன்னால் வந்தது சந்தேகம். எல்லாருக்கும் அப்படியா என்று தெரியாது. ஆனால் அதை யாரும் நோய் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குணம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் சொல்வார்கள்.

நான் கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆரம்பித்தபோது உடம்பைப் பார்த்தே என்னைப் பிடித்து முன்வரிசையில் போட்டார்கள். பிறகு பதினொரு வருடம் கொழும்பில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடினேன். பந்தோடு ஓடுகிறவன் படம்தான் பேப்பரில் வரும். முன்வரிசைக்காரன் தலையையும் தோளையும் கொடுத்து முட்டுகிறவன். எங்களை எங்கள் வீட்டார் கூட டிவியில் தேடித்தான் கண்டுபிடிப்பார்கள்.

முப்பத்து மூன்று வயதில் முழங்கால் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பெண்கள் ரக்பி அணிக்குப் பயிற்சியாளரானேன். சும்மா சொல்லக் கூடாது, ஆடிய காலத்தில் கிடைக்காத சந்தோஷம் அங்கே கிடைத்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே சரிவான மைதானம். மழை பெய்தால் பந்து தானாகவே கீழே உருண்டு போகும். அந்தப் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அதைப் பிடிப்பார்கள். அந்த வேலை இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு வருடம் போனதும் மைதானம் அதிகமாகச் சரிவது போல் இருந்தது. நேராக நடக்க முடியவில்லை. தரையைத் திட்டினேன். தகரக் கூரையில் வெயில் பட்டால் கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தும். பிள்ளைகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். ஒருநாள் பயிற்சிக்கு ஒருத்தியும் வரவில்லை என்று கொதித்துப் போய், பிறகு வந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகுதான் தெரிந்தது, மூன்று மணிப் பயிற்சிக்கு நான் ஒரு மணிக்கே போய் நின்றிருக்கிறேன்.

மறுநாள் பள்ளி அதிபர் கூப்பிட்டார்.

"சேர், தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் ஹோல்ட்ல நீங்க தள்ளாடுறதப் பார்த்ததா சொல்றாங்க."

"நான் குடிக்கிறவன் இல்லீங்க."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றார். சொல்லியிருக்க மாட்டார். முகத்திலேயே தெரிந்தது. "ஒடம்புக்கு வருத்தம்னா டாக்டர்கிட்ட ஒரு கடிதம் எடுத்திட்டு வாங்க. அது வரைக்கும் மைதானத்துக்கு வர வேணாம்."

ஆக, அந்தக் கடிதம் கிடைத்தால் நான் நோயாளி. கிடைக்காவிட்டால் குடிகாரன். பயிற்சி வேலையும் போய்விடும்.

ஸ்டெல்லா என்னைக் கொழும்பில் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். ஐம்பது வயதிருக்கும் சிங்களப் பெண்மணி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. கன்கஷன் (அடியால் மூளை மண்டைக்குள் உலுக்கப்படுவது) பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ஸ்கேனில் தெரியாத நோயை அதிபர் எப்படி நம்புவார்?

கிளப்பில் என்னைப் பற்றிய கோப்பு இருக்குமா என்று கேட்டார். இருந்தது. சீசன் தொடக்கத்தில் எங்களுக்கு பேஸ்லைன் (அடிபடுவதற்கு முன், நல்லாயிருக்கும்போது எடுத்து வைக்கும் அளவு) எடுப்பார்கள். பத்துச் சொற்களை வாசித்துக் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே கேள்விகள். எண் குறைந்திருந்தால் வாரக்கணக்கில் வெளியே உட்கார வேண்டியதுதான்.

டாக்டர் அதே சோதனையை எனக்கு வைத்தார். பிறகு கிளப்பிலிருந்து வந்த பழைய தாளையும் இதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சொறிந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன், 'மல்லி' (தம்பி) என்றதை மட்டும் அப்படியே விட்டு.

"மல்லி, அப்போ பத்துக்கு நாலு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு ஆறு. அப்போ மாதத்துல ஓகஸ்டோட நின்னுட்டீங்க. இன்னைக்குத் தடுமாறி முடிச்சிட்டீங்க. இந்தத் தாளப் பார்த்தா ஒங்க மூளை முந்தியவிட நல்லா இருக்கே."

எனக்குப் பொசுக்கென்று ஏறியது. "பொய்த் தாள்! கிளப்ல மாத்திட்டாங்க. நாளைக்கு நான் அவங்களக் கேள்வி கேட்பேன்னு பயம்" என்றேன்.

"இது ஒங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். "அதையும் அவங்களே போட்டுட்டாங்க" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. இந்த டாக்டரும் கிளப் ஆள்தானோ என்று கூட நினைத்தேன்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க, அன்னைக்கு ஃபோன்ல சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னீங்களே, மறந்திட்டீங்களா? 'இன்னைக்கு மோடயா மாதிரி நடிச்சேன் ஸ்டெல்லா, நாலு சொல்லோட நிறுத்திட்டேன், டாக்டர் அப்படியே நம்பிட்டாரு'ன்னு. ஒவ்வொரு சீசனும் சொல்லுவீங்களே!"

பிறகு அதையே டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள்.

எனக்கு மெல்ல மெல்லத்தான் ஞாபகம் வந்தது. உடைமாற்றும் அறை, தைல வாடை, நான் சேர்ந்த முதல் வருடம். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என் காதில், "மல்லி, இன்னைக்கு ஒருநாள் மோடயாவா இரு, சீசன் பூரா ஆடலாம்" என்றார். மோடயா என்றால் முட்டாள். முதலிலேயே எண்ணைக் குறைத்துக் கொடுத்துவிட்டால், அடிபட்ட பிறகு வித்தியாசம் யாருக்கும் தெரியாது. எல்லாரும் செய்தோம். அது எங்களுக்குக் களவாகவே தெரியவில்லை, வார்ம் அப் மாதிரி அதுவும் ஒரு வழக்கம். ஓகஸ்டில் நிற்பது மட்டும் என் சொந்த யோசனை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த நான்கை வைத்துக்கொண்டு எத்தனை தடவை தலை சுற்றச் சுற்றத் திரும்ப மைதானத்துக்குள் போயிருக்கிறேன்! ஒரு தடவை எதிரணியின் வட்டத்தில் போய் நின்றேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். வெட்கத்தில் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பக் கூட முடியவில்லை.

டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய தாளை மூடி ஓரத்தில் வைத்தார். "அப்போ இது உதவாது. ஒங்களுக்கு எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது மல்லி. ஒங்களுக்கும் தெரியாது. இனிமே கண்டுபிடிக்கவும் முடியாது" என்றார். பிறகு புதிதாக ஆரம்பித்தார். கண் பேனாவைத் தொடர்கிறதா, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, எந்த வருடம் எந்த அடி. வருடங்களை ஸ்டெல்லாதான் சொன்னாள். கடைசியில் கடிதம் கிடைத்தது: இது நோய், குடி அல்ல, மூன்று மாதம் ஓய்வு, பிறகு பயிற்சி கொடுக்கலாம், டேக்கிள் (ஓடுகிறவரைப் பிடித்து விழுத்துவது) செய்து காட்டக் கூடாது.

அதிபர் அதை இரண்டு தடவை வாசித்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். தூக்கத்துக்கும் தலைவலிக்குமாக ஒரு மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில் படுக்கை. தோட்டத்து ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடை. வெஸ்டிபுலர் பயிற்சி (உள்காதின் சமநிலையைப் பழக்குவது) என்று, கட்டைவிரலை நீட்டிப் பிடித்து அதையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். லயத்து வாசலில் நின்று ஆட்டினால், "என்ன, சர்ச்சுக்குப் போறவருக்குச் சாமி வந்திருச்சா?" என்று சிரிப்பார்கள். ஆட்டினேன்.

மாத்திரையையும் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் முழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். ஸ்டெல்லா கண்டுபிடித்துவிட்டாள். "விசில ஒளிச்சவ நான்னு சொன்னீங்க. மாத்திரைய ஒளிக்கிறது யாருங்க?" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம்: யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றினால், ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பாதிச் சண்டை கோப்பையிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி இன்னும் நடக்கிறது.

நாலாவது மாதம் மைதானத்துக்குப் போனேன். முதல் வேலையாகப் பிள்ளைகளுக்கு பேஸ்லைன் எடுத்தேன், டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி.

எங்கள் முன்வரிசையில் நிரோஷா என்று ஒருத்தி. கஹவத்தைக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸின் நேரத்தையும் தலைகீழாகச் சொல்வாள். அவள் பத்துச் சொல்லில் மூன்றைச் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

அந்தக் கூரை பார்க்கிற பார்வை என் பார்வை.

"வேணும்னே கொறைச்சிச் சொன்னியா?"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எந்தக் கிளப்பிலிருந்து எவன் வந்து இவர்கள் மனதைக் கெடுத்தான்? தேத்தண்ணிச் சட்டமெல்லாம் பறந்துபோனது. "யாரு சொல்லிக் குடுத்தா? பேரச் சொல்லு!" என்று கத்தினேன்.

"நீங்கதான் சேர்" என்றாள் நிரோஷா.

"என்னா?"

"போன வருஷம். மழை பெஞ்ச அன்னைக்கு ஸ்டோர் ரூம்ல ஒக்கார வச்சி கிளப் கதை சொன்னீங்களே. மோடயா கதை. நாங்க எல்லாரும் சிரிச்சமே சேர்."

எனக்கு அந்த மழை ஞாபகம் இல்லை. அந்த ஸ்டோர் ரூம் ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை, பதினைந்து முகங்களிலும் அது தெரிந்தது.

தரையில் உட்கார்ந்தேன். விசிலும் அரிசி வாளியும் ஸ்டெல்லாவின் அழுகையும் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தாளை நிரோஷாவிடம் நீட்டி, "எனக்கு வை" என்றேன்.

அவள் பத்துச் சொல்லை வாசித்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். ஐந்து சொல் உடனே வந்தது. ஆறாவது தாமதமாக வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"ஆறு சேர்." பேனாவை நிறுத்திக்கொண்டாள். "ஏழுன்னு போடவா? குடைன்னு சொல்ல வந்தீங்கதானே?"

"ஆறு போடு."

போட்டாள். பிறகு தன்னுடைய மூன்றை வெட்டிவிட்டு, "எனக்கும் இன்னொருக்கா வைங்க சேர்" என்றாள். வேறு பத்துச் சொல் வாசித்தேன். ஒன்பது சொன்னாள்.

அந்த ஒன்பது இப்போது என் கோப்பில் திகதியோடு இருக்கிறது. நாளைக்கு அவளுக்கு என்ன ஆனாலும், அவள் முழுசாக இருந்த ஒரு நாள் தாளில் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. என்னிடம் எவ்வளவு போயிற்று என்று பார்க்க ஒரு தாளும் இல்லை. என் உடம்பில் எனக்கு முன் இருந்த அந்த ஆளை நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பத்துச் சொல்லும் தெரிந்துகொண்டே நான்கைச் சொல்லிவிட்டு, மனைவிக்கு ஃபோன் எடுத்துச் சிரித்தான்.