விளக்க நூத்திட்டுக் குடுத்த உறை

சும்மா இருங்க மருமகன்! அஞ்சு பொம்புளையள் சேந்து தொழில் செஞ்சா சட்டிக்குள்ள தயிர் உறையாது, சண்டதான் உறையும் எண்டு சொல்லிப் போட்டு நீங்க பாட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கிறீங்க. என்னால வாய மூடிட்டு இரிக்க ஏலா. தயிர்த் தொழில் எண்டா பால் பாதி, பொறுமை பாதி. கூட்டாத் தயிர்த் தொழில் எண்டா பால் கொஞ்சம், பொறுமை மிச்சம். அதை நாங்க அஞ்சு பேர் சண்டைக் காலத்தில, இண்டைக்குத் திறந்த ரோட்ட நாளைக்குப் பூட்டின காலத்தில செஞ்சு காட்டினனாங்க.

விசயம் இதுதான். என்ட மகள் மலர் கூட்டாளிப் பிள்ளைகளோட சேந்து சாப்பாட்டுக் கடை போடப் போறாளாம். அவட மனுசன், இந்த மருமகனுக்கு விருப்பமில்ல. கூட்டுத் தொழில் செஞ்சு வயிறெரிஞ்ச ஆக்கள் இதக் கேக்கிற உங்களுக்குள்ளயும் கனபேர் இரிப்பீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றன், கேளுங்க.

அஞ்சு வீட்டு ருசி

அந்தக் காலத்தில நாங்க அஞ்சு பேரும் எங்கட ஊர்ச் சந்தியில தனித்தனியா எருமைத் தயிர் வித்தனாங்க. பஸ் வந்து நிண்டா ஒருத்திட முந்தானைய ஒருத்தி இழுத்துத்தான் யன்னலுக்குக் கிட்டப் போறது. திலகவதி எண்டு ஒருத்தி, என்ட பக்கத்து வீடு, சத்தம் ஆத்துக்கு அக்கரையிலயும் கேக்கும். நான் சட்டி ஒண்டுக்கு ஒரு விலை சொன்னா அவ எனக்குப் பின்னால நிண்டு அதவிடக் குறைச்சுச் சொல்லுவா. மற்றவ பாக்கியம். வாய் திறக்க மாட்டா, ஆனா தயிர் எண்டா அவட தயிர்தான். அவட மனுசன் கூத்தில ராசா வேசம் கட்டுறவர். வீட்டிலயும் ராசாதான், பால் கறக்கக் கூட ஒழும்ப மாட்டார். ஒருக்கா கிரீடத்தோட பட்டிக்குப் போய் எருமை வெருண்டு அவரை ஆத்துக்குள்ள தள்ளினது. சரி, அது வேற கத. மத்த ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி, திலகவதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஒரு நாள் ஏறாவூரில சாப்பாட்டுக் கடை வச்சிருந்த காசிம் காக்கா சந்தியில சைக்கிள விட்டு இறங்கி எங்கட சண்டையப் பாத்துக் கொண்டு நிண்டார். ஒவ்வொருத்திட சட்டியிலயும் விரலால தொட்டு வாயில வச்சார். மறுகா சொன்னார்: "அஞ்சு வீட்டுத் தயிர் அஞ்சு ருசியா இரிக்கி புள்ள. என்ட கடைக்கு வாறவன் நேத்துத் திண்ட ருசியத் தேடித்தான் இண்டைக்கும் வாறான். ஒரு ருசியில தாங்க, அஞ்சு வீட்டுச் சட்டியையும் நானே எடுக்கிறன்."

கொச்சிக்காய்க் காம்பு

ஒரு ருசி எண்டா ஒரு உறை. பாலக் காய்ச்சி ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில ஒரு கரண்டிதானே விடுறது. அந்தக் கரண்டி அஞ்சு வீட்டுக்கும் பாக்கியத்திட சட்டியில இருந்துதான் போகவேணும் எண்டு முடிவாச்சி. திலகவதி முகத்த உரல் மாதிரி வச்சிக் கொண்டு ரெண்டு நாள் ஆரோடயும் வாய் திறந்து பறையல்ல. பிறகு எல்லாரும் கண்ணகை அம்மன் கோயிலில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினம். உறை ஒண்டு. பாலில தண்ணி கலக்கிறதில்ல. எவட சட்டி பழுதானாலும் நட்டம் எல்லாருக்கும். உறை கேட்டு வந்த ஆரையும் வெறுங்கையோட அனுப்புறதில்ல. கடைசி வாக்கு என்னால வந்தது. எங்கட அம்மா சொல்லுவா, நெருப்பும் உறையும் குடுத்தாக் குறையாது எண்டு. "உறையக் குடுத்தா தொழிலையே தூக்கிக் குடுத்த மாதிரிகா" எண்டு திலகவதி அம்மனுக்கு முன்னாலயே சண்டைக்கு வந்தா. கற்பூரம் எரிஞ்சு நூரப் போகுதெண்டு பயந்துதான் சரியெண்டா.

சத்தியம் பண்ணின கிழமையே பொழுதுபட ஊரடங்கு எண்டு அறிவிச்சுப் போட்டாங்க. திலகவதி உறை எடுக்கப் பிந்திப் போனா, படலை தாண்ட ஏலா. பால் ஆறிக் கொண்டிரிக்கி. மனுசி என்ன செஞ்சா தெரியுமா? கொச்சிக்காய்க் காம்பப் பிடுங்கிப் பாலுக்குள்ள போட்டுட்டா, மிளகாய்க் காம்பு! அதிலயும் பால் உறையும்தான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அது உறைஞ்ச மாதிரி உறையும், கரண்டி வச்சா அழும். விடிய காம்பையும் எடுக்காம, ஒரு வார்த்த சொல்லாம, எங்கட சட்டிகளோட அதையும் வண்டிலில ஏத்தி விட்டுட்டா. பின்னேரம் காசிம் காக்கா அவட சட்டியள் எல்லாத்தையும் சைக்கிளில கட்டிக் கொண்டு வந்து எங்கட முத்தத்தில வரிசையா இறக்கி வச்சார்.

திலகவதி தலையக் குனிஞ்சு கொண்டு நிண்டா. அக்கா தங்கச்சி ரெண்டும் என்னப் பாக்குதுகள், நான் பாக்கியத்தப் பாக்கிறன். "நட்டம் எல்லாருக்கும் எண்டு சொன்னனாங்கதானே" எண்டா பாக்கியம். அண்டைக்குத்தான் நாங்க ஒரு கூட்டமானது எண்டு நான் நினைக்கிறன். காசிம் காக்கா மட்டும் போற போக்கில கிறுகிப் பாத்துச் சொன்னார்: "தயிர் கேட்டன் புள்ள, சம்பலுக்கு ஆயத்தம் பண்ணி அனுப்பியிருக்கிறீங்க."

முன் சட்டி

அடுத்த கரைச்சல் சென்றியில, ஆமிட காவலரணில. ஏறாவூருக்குப் போற வழியில ஆமிக்காரர் நிண்டு எல்லாத்தையும் கிண்டிப் பாப்பாங்க. தயிருக்குள்ள என்னத்தக் கொண்டு போறமெண்டு நினைச்சாங்களோ, நீளக் கம்பி ஒண்டால சட்டிக்குள்ள குத்துவாங்க. குத்துப்பட்ட தயிர் தண்ணி விட்டுப் பிரிஞ்சிடும், விக்க ஏலா. முன்னுக்கு இரிக்கிற சட்டியத்தான் குத்துவாங்க. அப்ப எங்களுக்குள்ள சண்ட, ஆர்ட சட்டிய முன்னுக்கு வைக்கிறது எண்டு. விடிய வெள்ளன வண்டில் கட்டி நிக்குது, அஞ்சு பேரும் சட்டிய முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தி மாத்தி வைக்கிறம். வண்டில்காரக் கிழவன் மாட்ட அவிழ்த்து விட்டுட்டுச் சுருட்டுப் பத்தினது.

திலகவதிதான் வழி கண்டுபிடிச்சா, நல்லதயும் சொல்லத்தானே வேணும். ஒவ்வொரு வீட்டில இருந்தும் ஒரு அகப்பை பால் எடுத்து ஒரு சட்டி தனியா உறைய வைக்கிறது. அது ஒருத்திட சட்டியுமில்ல, அஞ்சு பேருடையது. அதுதான் முன் சட்டி. குத்துறதெண்டா அதக் குத்தட்டும். வண்டிலோட போற நான் இன்னொண்டு செஞ்சன். அந்த ஆமிப் பொடியன் கம்பியத் தூக்க முந்தி ஒரு கரண்டியக் கையில குடுத்து, "இதால குத்து மனே" எண்டன். மேலால கொஞ்சம் சீனியும் தூவினன். பொடியன் சுத்தி ஒருக்காப் பாத்தான், மறுகா கரண்டியால குத்தினான், வாய்க்குள்ளதான். அண்டையில இருந்து மத்தச் சட்டியள் குத்துப்படல்ல. ஒரு நாள் வீட்டில சீனி முடிஞ்சு வெறுந் தயிரோட போனன். பொடியன் வண்டில மறிச்சு, சட்டிக்குள்ள வடிவாப் பாத்து, தெரிஞ்ச தமிழில கேட்டான்: "அம்மே, இண்டைக்கி சீனி எங்க?"

விளக்கு வைக்கிற நேரம்

தொழில் நல்லா ஓடுது, ஊரடங்கையும் எடுத்துட்டாங்க. அப்ப ஒரு பொழுதுபடுற நேரம், பாக்கியத்திட வீட்டில எல்லாரும் பால் காய்ச்சிக் கொண்டிரிக்கம், ஒரு பொம்புளை கறவை எருமை ஒண்டக் கயித்தில பிடிச்சுக் கொண்டு படலையடியில வந்து நிண்டா. பேர் யோகம், மாங்கேணியில இருந்து ஓடி வந்திரிக்கா. ஆத்துக்கு அங்கால படுவான்கரையில சொந்தக்காரர் இருக்காங்களாம், அங்க போறாவாம். "இந்த மாடுதான் மிச்சம் அக்கா. உங்கட உறையில ஒரு கரண்டி தந்தா அங்க போய்ப் பிழைச்சுக்குவன்" எண்டா.

திலகவதி ஒழும்பிட்டா. விளக்கு வச்சாச்சு, இனி உப்பும் உறையும் வீட்ட விட்டுப் போனா லெச்சுமியும் கூடப் போயிடும், விடியட்டும் எண்டா. அதும் சரிதான், எங்கட வழக்கம் அதுதானே. யோகத்துக்கெண்டா விடியுமட்டும் நிக்க ஏலா, மாடேத்துற பெரிய தோணி துறையில காத்துக் கொண்டு நிக்கி. இருட்டினா ஆத்தில ஆரும் ஓடேலா. நான் வழக்கத்தப் பாக்கிறதா, வாக்கப் பாக்கிறதா? அக்கா தங்கச்சி ரெண்டும் முதல் முதலா ஆளுக்கொரு பக்கம் நிக்குதுகள். பாக்கியம் ஒழும்பிப் போய்ப் பூவால விளக்க நூத்தா. வீடு இருண்டு போச்சி. சிரட்டையில உறைய எடுத்து வாழை இலையால மூடி யோகத்திட கையில குடுத்தா. அவ படலை தாண்டினாப் பிறகு திரும்ப விளக்கக் கொளுத்தினா.

"இருட்டுக்க நடந்தது அம்மனுக்குத் தெரியாதெண்டு நினைச்சியாகா?" எண்டு கத்தினா திலகவதி. பாக்கியம் பால் சட்டிக்க விரல வச்சு சூடு பாத்துக் கொண்டே சொன்னா: "தெரியட்டும்கா. நாம வாக்குக் குடுத்ததும் அவவுக்குத் தெரியும்தானே."

படுவான்கரைக்குப் போன திலகவதி

பிறகு ஒரு காலமை ஊரே ஒழும்பி ஓடினது. அதப் பத்தி நான் கனக்கப் பறைய மாட்டன், ஓடினவங்களுக்குத் தெரியும். பாக்கியம் நகையக் கூட எடுக்கல்ல, உறைச் சட்டிய மட்டும் இடுப்பில வச்சிக் கொண்டு வந்தா. ஆனா போன இடத்தில பிள்ளைகளுக்கே பாலில்ல, உறைக்கு எங்கால பால்? ஒரு நாள் சட்டியத் திறந்தா பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. அவ அழுதத அண்டைக்குத்தான் கண்டன்.

திரும்பி வந்தா கூரையில பாதி இல்ல, ஆனா எருமையள் வந்து சேந்திச்சி. காசிம் காக்காவும் வந்தார். தமிழ், முஸ்லிம் ரெண்டு பக்கமும் சனம் முகம் குடுத்துப் பறையாத காலம் அது. "வாற வெள்ளிக்கிழமை கடை திறக்கிறன் புள்ள. இனி அங்கால தயிர் எடுக்காத எண்டு எங்கட ஆக்கள் சிலபேர் சொல்றாங்க. பழைய ருசி வந்தா நான் வாய் திறக்கத் தேவல்ல, தயிரே பறையும். ருசி மாறிச்சோ, நான் பறைஞ்சும் சரி வராது" எண்டார். நாங்க வாழைச்சேனையில இருந்து வேற தயிர் எடுப்பிச்சு உறை விட்டுப் பாத்தம். புளிக்கிது. திரும்ப விட்டுப் பாத்தம், கயிறு மாதிரி இழுபடுது. எங்கட அஞ்சு பேருக்கும் வேற ஒரு வருமானமுமில்ல. அந்தக் கடை போனா நாங்க திரும்பவும் சந்தியில ஒருத்திட முந்தானைய ஒருத்தி இழுக்கிறதுதான்.

அப்பதான் திலகவதி ஒரு சத்தமும் போடாமச் சீலைய இழுத்துச் செருகினா. "அந்த மாங்கேணிக்காரி எந்த ஊருக்குப் போனவ?" எண்டு கேட்டா. ஊரச் சொன்னதும் தோணியேறிட்டா. உறை குடுக்கக் கூடாதெண்டு நிண்டவ அவதானே! அடுத்த நாள் மத்தியானம் ஈரத் துணி சுத்தின சின்ன முட்டி ஒண்டோட துறையில இறங்கினா. தொட்டு வாயில வச்சன். அதே ருசி, எங்கட ருசி! யோகம் நாள் தவறாம பால் விட்டு வச்சிருந்திரிக்கா. "நான் போய்ச் சேரவும் அங்க விளக்கு வைக்கவும் சரியா இருந்திச்சி" எண்டா திலகவதி. "வெக்கத்தில படலையிலயே நிண்டன். அவ என்னக் கண்டா, ஒண்டும் கேக்கல்ல, உள்ளுக்குப் போய் விளக்க நூத்திட்டு வந்து சொல்றா, 'வாங்கக்கா, உங்கட வீட்டு வழக்கம் இதுதானே?' எண்டு."

கவுத்த சட்டி

வெள்ளிக்கிழமை நாங்க அஞ்சு பேரும் தலையில சட்டியோட ஏறாவூர்க் கடை வாசலில போய் நிண்டம். தயிர் எடுக்காத எண்டு சொன்ன ஆக்களில ஒருத்தர், அரிசி முதலாளி, அவரும் அங்கதான் இருக்கார், வெள்ளைச் சேர்ட்டு, வெள்ளைத் தொப்பி. கடை நிறைய ஆக்கள். காசிம் காக்கா சலாமும் சொல்லல்ல, சிரிக்கவுமில்ல. முன் சட்டியத் தூக்கினார். கொண்டு போய் அந்த முதலாளிட தலைக்கு நேர மேல பிடிச்சு அப்படியே தலைகீழாக் கவுத்துப் போட்டார்!

திலகவதி என்ட கையப் பிடிச்ச பிடியில வளையல் உடைஞ்சது. தயிர் விழல்ல. ஒரு சொட்டுத் தண்ணி கூட விழல்ல. முதலாளி மேல பாத்தபடி வாயப் பிளந்து கொண்டிரிக்கார், கடை முழுக்கச் சிரிக்குது. காசிம் காக்கா சட்டிய நிமித்தி, கரண்டிய எடுத்து அவருக்கு முன்னால வச்சுச் சொன்னார்: "தலையில விழல்ல முதலாளி. இனி வாய்க்குள்ள போட்டுட்டுப் பறைங்க."

அண்டையில இருந்து எங்கட தயிர் திரும்ப அந்தக் கடைக்குப் போச்சி. அஞ்சு பொம்புளையளுக்குள்ள சண்ட வராதெண்டு நான் ஒருநாளும் சொல்லல்ல மருமகன், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எல்லாரும் உறைக்கு ஒரே சட்டியடிக்குத்தான் வந்தம் எண்டு மட்டும்தான் சொல்றன். அடி மலர்! உன்ட மனுசன் தேத்தண்ணியக் குடிச்சு முடிச்சிட்டார், உள்ளுக்கு அதே உறையில வச்சிரிக்கிற தயிர்ச் சட்டியத் தூக்கிக் கொண்டு வா, சீனிப் போத்தலையும் மறக்காத!