வெள்ளைச் சால்வையின் பின்னால்

கோடையில் பத்திநாதரைப் போல விறுவிறுவென்று நடக்கிற ஆள் பாரிசின் லா ஷப்பலில் இல்லை. நவம்பர் வந்தால் மனுசன் பாதியாகிவிடுவார். இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிற மாதங்கள் அவை. பகல் முழுக்க ஒரு ரெஸ்டோரண்டின் நிலவறையில் கோப்பை கழுவுவதில் போய்விடும். மற்றவர்களுக்கு அது சலிப்பு, அவருக்கோ பயம். அவருக்கு மாலைக்கண்.

மன்னாரில் இருக்கும் மனைவி பேர்ளியையும் பிள்ளைகளையும் பிரான்சுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த வேலை நிலைக்க வேண்டும். கண் தெரியாதவரிடம் எந்த முதலாளி கண்ணாடிக் கோப்பைகளைக் கொடுப்பான்? அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக, ஒரே அறையில் படுத்து ஒரே ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்யும் கிறிஸ்தோப்பருக்குத் தெரியக் கூடாது. எங்கே இடம் காலியாகும் என்று காத்திருக்கும் வேலையில்லாத மைத்துனன் ஒருவன் அவனுக்கு இருந்தான். வாயும் சும்மா இராது. அவன் எழும்புமுன்னே இவர் படியிறங்கிவிடுவார்.

இறங்கி, வாசலில் ஒரு வெள்ளைச் சால்வைக்காகக் காத்து நிற்பார். அலுவலகம் துப்புரவாக்கப் போகும் புதுச்சேரிக்காரி சவரியம்மாளின் சால்வை அது. இருட்டில் அந்த வெள்ளை மட்டும் அவருக்கு மங்கலாகத் தெரியும்; அதையே பார்த்து நடந்தால் மெத்ரோ ரயில் நிலையம் வந்துவிடும். பின்னேரங்களில் கடை வெளிச்சம் எப்படியோ வீடு சேர்த்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மெத்ரோ வாசலில் அவள் சட்டென்று திரும்பி நின்றாள். தினமும் ஏன் என் பின்னாலேயே வருகிறீர்கள் என்று கேட்டாள். போலீசைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தார். பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அவள் முகம் வாடிவிட்டது.

"திங்கள்லேர்ந்து எனக்குப் பகல் வேலைண்ணே. இனிமே விடிஞ்சப்புறம்தான் கிளம்புவேன்."

இனி வெளிச்சத்தில் நடக்கப்போகிற அவள்மேல் பத்திநாதருக்குப் பொறாமையே வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும், மெத்ரோவுக்குப் போகும் அந்தத் தெருவில் கண்ணை இறுக மூடி நடந்து பழகினார். குப்பைத் தொட்டியில் மோதி விழுந்து, எழும்பி, மறுபடி நடந்தார். வாரத்தில் கிடைத்த ஒரே பகலும் அப்படிக் கண்ணை மூடியபடியே போயிற்று. தெரு மட்டும் மனதில் பதியவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் கிறிஸ்தோப்பரைத் தட்டி எழுப்பினார்.

"தம்பி, எனக்கு இருட்டிலை கண் தெரியாது. உன்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு வரட்டே?"

போர்வை விலகும் சத்தம் கேட்டது. இந்த வேலையை மைத்துனனுக்குக் கேட்கப்போகிறான் என்றே அவர் நினைத்தார்.

"முதல்லை லைற்றைப் போடுங்கோ அண்ணை," என்றான் கிறிஸ்தோப்பர். "நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு எனக்கும் தெரியேல்லை."

பத்திநாதர் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடினார்.