டிரம்முக்குள் ஒரு ஏரி

ஏரிக்கு இறங்குகிற சாலை முடியும் இடத்தில், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட் ஒன்று இருக்கிறது. அங்கே பழைய மர மோட்டார் படகுகளைச் சரிசெய்கிறவரை எல்லோரும் மூணுநாளார் என்றுதான் கூப்பிடுவார்கள். படகு எப்போது தயாராகும் என்று யார் கேட்டாலும், "தண்ணியில விட்டப்புறம் மூணு நாள்" என்பார். தண்ணீரில் எப்போது விடுவீர்கள் என்று கேட்டால், பலகையின்மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிறவர்போல எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"எங்க கல்யாணப் பத்திரிகைய இவர்கிட்ட விட்டிருந்தா, தேதி போடற எடத்துல 'மூணு நாள்ல'ன்னு அச்சடிச்சிருப்பாரு" என்று அவர் மனைவி சொல்லுவாள். அவர் சிரிக்கமாட்டார். ஆனால் உளி பிடித்த கை சற்று நேரம் நிற்கும். அதுதான் அவர் சிரிப்பு.

அந்த மூன்று நாளுக்குக் காரணம் உண்டு. மரப்படகு பல வருடம் கரையில் கிடந்தால் பலகைகள் காய்ந்து சுருங்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு சந்து விழுந்துவிடும். அப்படியே இறக்கினால் ஒரு மணி நேரத்தில் விளிம்புவரை முழுகிவிடும். முழுகட்டும் என்று விட்டுவிட வேண்டும். வேலையே அதுதான். மரம் ஆற அமரக் குடிக்கும், ஊதும், பக்கத்துப் பலகையைத் தானே தேடிப் போய் நெருக்கிக்கொள்ளும். நாலாம் நாள் தண்ணீரை இறைத்துக் கொட்டினால், தூக்கம் கலைந்ததுபோல எழுந்து மிதக்கும். தெரியாதவர்கள் கரையில் நின்று ஐயோ போச்சே என்று பதறுவார்கள். மூணுநாளார் அவர்கள் பக்கம் ஒரு முக்காலியை நகர்த்திப் போடுவார்.

பொறுமை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபத்துநாலு வயதில் அவரைப்போல் அவசரக்காரர் அந்த ஏரியில் இல்லை. அப்பாவிடம் பச்சை வண்ணம் அடித்த மோட்டார் படகு ஒன்று இருந்தது. அக்காவுக்கு அதை ஓட்டவேண்டும் என்று கொள்ளை ஆசை. பதிமூன்று வயதில் கேட்டபோது, "கை நீளட்டும்" என்றார் அப்பா. கை நீண்டது. வேலையும் வந்தது, தொலைபேசி நிலையத்தில், வேறு ஊரில். கிளம்புவதற்குள் இவளை ஓட்டவிடணும், படகைத் தயார் பண்ணு என்று அப்பா தம்பியிடம் சொன்னார். இரண்டே நாள்தான் இருந்தது. மரம் ஊறுவதற்கு யார் காத்திருப்பார்கள்? சந்துகளை எல்லாம் கல்லாக இறுகுகிற புட்டிப் பசையால் அடைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டார். முதல் நாள் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மரம் குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊதிய பலகைக்கு நகர இடமில்லை, புட்டி வழிவிடவில்லை. இரண்டாம் நாள், அக்கா ஓட்டுவதற்கு வந்த காலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு தானாக முறிந்தது. படபடவென்று, பலகைகளை உள்ளிருந்து தாங்குகிற நாலு விலாக்கட்டைகள். அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. படகைக் குப்புறக் கவிழ்த்து ஷெட்டின் மூலையில் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அது நடந்து முப்பத்துமூன்று வருடம். ஊரார் படகுகளை எல்லாம் எழுப்பி மிதக்கவிட்டவர், அந்த மூலைக்குப் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகின் பின்விளிம்பில் மாட்டுகிற சின்ன என்ஜினை அக்கா எடுத்துக்கொண்டாள். அந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, ஓய்வுபெற்று, கணவரை இழந்த பிறகும் அது அவள் வீட்டுத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போர்வை சுற்றி நின்றது. வந்தவர்கள் அது என்ன என்று கேட்டால், "எங்கப்பா" என்பாளாம்.

போன வருடம் அவள் மகளோடு வெளிநாட்டில் போய் இருப்பது என்று முடிவானது. சேதி கேட்ட மறுநாள் மூணுநாளார் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மூலைப் படகை நிமிர்த்தினார். நாலு விலாக்கட்டைகளையும் புதிதாக ஆவியில் வளைத்துப் பொருத்தினார். பழைய புட்டியைச் சந்து சந்தாகச் சுரண்டி எடுக்கவே நாற்பது நாள் ஆனது. பல்லிடுக்கில் சிக்கியதை எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக. அக்கா என்ஜினை ஆட்டோவில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். அதைப் பிரித்து, கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, திருகுகளை பிஸ்கட் டப்பாவில் வரிசையாக வைத்தார். தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் கருவாடாகக் காய்ந்திருந்தது. அதை மட்டும் புதிதாகப் போட்டார்.

அக்கா கிளம்புவது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை படகை இறக்கினார். கணக்குப்படி திங்களன்று அது மிதக்கும். செவ்வாயன்று அக்கா ஓட்டுவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் மனைவி போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க, அண்ணி பேசினாங்க. மாப்பிள்ளை டிக்கெட்ட மாத்திட்டாராம். ஞாயித்துக்கிழம விடிகாலையில ஃபிளைட்டு."

மூணுநாளார் ஏரியைப் பார்த்தார். சரிவுக்குக் கீழே, முழங்கால் ஆழத்தில், படகு விளிம்பு மட்டும் தெரிய முழுகிக் கிடந்தது. உள்ளே குட்டி மீன்கள் இருக்கைப் பலகையைச் சுற்றிப் போய்வந்தன.

"வேற படகுல கூட்டிட்டுப் போனா என்ன?"

"மத்த ரெண்டும் குப்புறக் கெடக்குது. ஒண்ணுக்கு அடிப்பலகையே இல்ல."

"போட் கிளப்புல கேட்டு வாங்குங்களேன்."

"அவ ஏறமாட்டா" என்றார். அதில் மனைவிக்கும் சந்தேகம் இல்லை.

சனிக்கிழமை காலை அவர் ஷெட்டுக்குப் போனபோது கால்கள் தாமாகவே அலமாரிக்குப் போயின. மேல்தட்டில் புட்டி டப்பா இருந்தது. எடுத்துத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார். அதே வாசனை. இப்போது இழுத்துக் கரையேற்றி, சந்துகளைத் துணியால் ஒற்றி, இதை அப்பினால் சாயங்காலம் மிதக்கும். அக்கா ஓட்டிவிடுவாள். அவள் விமானத்தில் இருக்கும்போது விலாக்கட்டைகள் முறியும். அவளுக்குத் தெரியவே தெரியாது. காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும்.

படகைக் கரைக்கு இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றினார். படகின் மூக்கு மேலே வந்தது. உள்ளே இருந்த தண்ணீர் சந்துகள் வழியாக மெல்லிய திரைகளாக வழிந்தது. வெயில் அதில் விழுந்தது. நேற்று ஊற்றாகக் கொட்டியது இன்று நூலாகியிருந்தது. ஓரிடத்தில் நூலும் இல்லை. வெறும் ஈரக் கோடு. இரண்டு பலகைகள் அங்கே ஒன்றையொன்று எட்டித் தொட்டுவிட்டிருந்தன. அவர் அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருந்தாரோ. பிறகு வின்ச்சைப் பின்பக்கமாகச் சுற்றினார். படகு பெருமூச்சு விட்டதுபோலக் குமிழிகளை விட்டுக்கொண்டு மறுபடி முழுகியது.

அக்கா மத்தியானம் வந்தாள். கைப்பையும், நரைத்த முடியை மறைக்கும் தொப்பியும், யாரோ பரிசளித்த குளிர்க் கண்ணாடியுமாக.

"என்னடா, முழுகிக் கெடக்குது?"

"முழுகலக்கா. ஊறுது."

"எப்ப மிதக்கும்?"

மனைவிதான் சொன்னாள்: "நாளன்னைக்கு, அண்ணி."

அக்கா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். மூடாத புட்டி டப்பா கண்ணில் பட்டது. குனிந்து மோந்து பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

"போட்டியா?"

"இல்ல."

"போடணும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

மூடியை எடுத்து டப்பாமேல் வைத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்து அழுத்தினாள். "எனக்காக ஒரு தடவ ஒடச்சது போதும். விலாவ ஒடச்சிட்டுத்தான் நான் ஊரு போகணுமா, லூசு? என்ஜின் ஓடுதா சொல்லு. சத்தத்தையாவது கேட்டுட்டுப் போறேன்."

என்ஜின், சோதனைக்காக அவர் வைத்திருக்கும் இரும்பு டிரம்மின் விளிம்பில் மாட்டியிருந்தது. டிரம் நிறையத் தண்ணீர். அடியில் விசிறி முழுகியிருந்தது. கயிற்றைச் சக்கரத்தில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, அக்கா ஒரு பெஞ்சை இழுத்துவந்து டிரம்முக்கு முன்னால், ஏரியைப் பார்த்தபடி போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் நீட்டி, என்ஜின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்பா பிடிப்பதுபோலவே, கட்டைவிரலை மடக்காமல்.

"என்ன பார்த்துட்டு நிக்கற? இழு. அப்புறம் முன்னால வந்து உக்காரு. எடை சரியா இருக்கணும்ல."

"அண்ணி, நான் எங்க உக்காரட்டும்?" என்றாள் மனைவி.

"நடுவுல. கொடியில காயற துணியெல்லாம் எடுத்துட்டு வா, நனையும்."

அவர் இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். நாலாவது இழுப்பில் என்ஜின் எழுந்தது. நீலப் புகை கூரைக்குப் போனது. பக்கத்துத் துளை வழியாக, என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் மெல்லிய கம்பியாகப் பீறிட்டது. புது ரப்பர் சக்கரம் வேலை செய்கிறது. டிரம் தண்ணீர் கொதிப்பதுபோலப் புரண்டு வெளியே தளும்பி, கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் ஒரு கை பார்த்தது. மனைவி கத்தவில்லை. எடுக்கவும் போகவில்லை. நடுவில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டாள். மூணுநாளார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினாள். படகு இடப்பக்கம் திரும்ப அப்படித்தான் தள்ளவேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை.

"பாறை வருது, பாத்து" என்றார் தம்பி, தன்னை அறியாமல்.

"தெரியுதுடா. எனக்கு முன்னாலதானே இருக்குது."

கண்ணுக்கெதிரே ஏரி. அதில் முழுகிய படகின் விளிம்பு ஒரு பச்சைக் கோடு. காற்று எதிர்ப்பட்டது, அது உண்மையான காற்றுதான். பெஞ்சு அதிர்ந்தது. தொலைவில் கரை மரங்கள் மெல்ல விலகுவதுபோல இருந்தது, புகையால் இருக்கலாம். மூணுநாளார் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேகம் வேண்டியிருந்தது, கூட்டினாள். பிறகு வேண்டாமென்று தோன்றியது, குறைத்தாள். தீவு வந்தது என்றாள். நாரைகள் பறக்கின்றன என்றாள். மனைவி, ஆமாம் அண்ணி, எத்தனை, என்றாள்.

டிரம்மில் பாதித் தண்ணீர் தீர்ந்தபோது, தம்பி எழுந்து வந்து என்ஜினை நிறுத்தினார். இல்லாவிட்டால் சூடேறிவிடும். சத்தம் போன பிறகும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு காய்ந்த இலை அதில் வட்டமடித்து, வட்டமடித்து, மெதுவானது.

அக்கா கைப்பிடியை விடவில்லை.

"வந்துட்டமாடா?"

அவர் இலை நிற்கிறவரை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"வந்துட்டோம்க்கா. ஆடும், பாத்து எறங்கு."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, விளிம்பைத் தாண்டுகிறவளாக அகல எட்டுவைத்து, ஈரமான சிமென்டுத் தரையில் இறங்கினாள்.