ஒரு முழம் நகர்ந்த எஞ்சின்

நான் ஓட்டிய எஞ்சின் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆலை வாசலுக்கும் கரிக்கிடங்குக்கும் நடுவே, ஒன்றரை மைல் தண்டவாளத்தில், வேகன்களைத் தள்ளுவதும் இழுப்பதும்தான் அதன் பிழைப்பு. இருபத்தொன்பது வருஷம் என் பிழைப்பும் அதுதான். திருநெல்வேலிக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிற அந்த ஆலையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

எஞ்சின் என்னைவிட மூத்தது. நான் பிறப்பதற்குச் சில வருஷம் முன்னால் கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்வார்கள். டீசலில் ஓடும், ஆனால் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. அது மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் அடியிலிருக்கும் மோட்டார்களைச் சுற்றும். அதனால் எடுத்த எடுப்பிலேயே நல்ல இழுவை. கரி நிரம்பிய வேகன் வரிசையைச் சிரமமில்லாமல் நகர்த்திவிடும். நிறுத்துவதுதான் பாடு.

நான் உட்காரும் இடத்திலிருந்து வேகனின் முனை தெரியாது. எஞ்சினின் நீண்ட மூக்கு மறைத்துக்கொள்ளும். கீழே நின்று கொடி காட்டுகிறவரைத்தான் நம்ப வேண்டும். எனக்குக் கொடி காட்டியவர், வேகன்களை எஞ்சினோடு கோக்கும் கப்ளிங்கை மாட்டியவர், ஒரே ஆள்தான். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட நாலு வயது மூப்பு. பதினெட்டு வருஷம் அவர் கையைப் பார்த்துத்தான் நான் என் கையை அசைத்தேன். மத்தியானம் எஞ்சின் நிழலில் சேர்ந்தே சாப்பிடுவோம். என் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி அவருக்கு உயிர்.

அந்தப் பதினெட்டின் கடைசி வருஷங்களில் பிரேக்கில் காற்று கசிய ஆரம்பித்தது. நிறுத்திய வண்டி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஊரும். எஞ்சினில் இருந்த குறிப்புப் புத்தகத்தில் நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் யாரோ கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதோடு சரி.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வேகனுக்கு ஒரு கஜம் முன்னால் நிற்கச் சொல்லிச் சிவப்புக் கொடி காட்டினார். நின்றேன். கப்ளிங்கின் வாய் இறுகிக் கிடந்திருக்கிறது. அதைத் திறக்க எஞ்சினுக்கும் வேகனுக்கும் நடுவே உள்ளே போயிருக்கிறார். நான் பிரேக்கைப் பிடித்தபடிதான் இருந்தேன். வண்டி நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்திருக்கும், அப்புறம் இன்னொரு முழம். இரும்போடு இரும்பு மோதுகிற வழக்கமான சத்தம் வரவில்லை.

குதித்து ஓடினேன். அவருடைய வலது கை இரண்டு கப்ளிங்குகளுக்கும் நடுவே இருந்தது. தலையிலும் அடி. மூன்று நாள் நினைவில்லை.

விசாரணை நடந்தது. மேனேஜர் அறையில் என்னைத் தனியாக உட்காரவைத்தார்கள். குறிப்புப் புத்தகம் மேஜை மேல் இருந்தது.

“பிரேக் சரியில்லைன்னு நாலு தடவை எழுதியிருக்கீங்க. அப்ப தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கீங்க, இல்லையா?” என்றார் மேனேஜர். வெளியூர்க்காரர். குரலை உயர்த்தவே இல்லை. “இது போலீஸுக்குப் போனா முதல்ல உள்ள போறது யாரு? யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கொடி காட்டாமல், வண்டி நிற்பதற்கு முன்பே அவராக உள்ளே போனார் என்று தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். தவறு அவருடையது என்று ஆனது. அவர் வேலை போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

“மன்னிச்சிக்கிடும்வே. எனக்கு ஒண்ணும் ஓர்மை இல்ல. நான்தான் அவசரப்பட்டு உள்ள போயிட்டேன்னு சொல்லுதாவ. என்னால உமக்கும் விசாரணை அது இதுன்னு அலைச்சல்.”

“விடும்வே. நடந்தது நடந்துபோச்சு” என்றேன்.

தாளில் போட்டது பயத்தில் போட்ட கையெழுத்து. இதை நான் யாரும் மிரட்டாமல், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அதன்பிறகு பதினான்கு வருஷம் அவர் தன் மச்சான் துணிக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார், “என் அவசரப்புத்தி, கை போச்சு.” நான் பந்திக்குப் போய்விடுவேன்.

இரண்டு வருஷம் முன்பு, கரி லாரியில் வரத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். மஞ்சள் வர்ணம் அடித்து, வாசலில் மேடை கட்டி ஏற்றிவைத்தார்கள். ஓய்வுபெற்றிருந்த என்னையும் விழாவுக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் ஒரு பலகை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு விபத்துமின்றி உழைத்த எஞ்சின் என்று எழுதியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை மேலப்பாளையம் போனேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நான் கொடி காட்டினேனா?” என்றார் கடைசியில்.

“காட்டினீரு. நானும் நின்னேன். வண்டிதான் நகண்டுச்சு.”

“எத்தன வருசம்வே? எம் பொஞ்சாதி, பிள்ளைய முன்னால என்னைய நானே ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன். கடன்காரன் மாதிரி தலைய குனிஞ்சு நடந்தேன். இப்ப எதுக்கு வந்தீரு? உம்ம பாரத்த எறக்கவா?”

அவர் மனைவி வந்து, நான் குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“எழுதித் தாரும்” என்றார் அவர்.

எழுதினேன். ஒவ்வொரு வரியையும் வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நாலு தடவ புகார் எழுதினதையும் போடும்” என்றார். போட்டேன். அவர் மகன் அதைப் பதிவுத் தபாலில் ஆலைக்கு அனுப்பினான். ஆலையின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. ஓய்வுபெற்ற ஊழியருக்கு முதுமையால் நினைவுக் குழப்பம் ஏற்பட்டிருக்கிறது, முன்பு அவரே கையெழுத்திட்ட வாக்குமூலம் தங்களிடம் இருக்கிறது என்று. அந்தப் பதிலின் நகலை மகன் என் போனுக்கும் அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் இல்லை.

போன மாதம் சந்தைமுக்கில் அவர் எதிரே வந்தார். இடது கையில் காய்கறிப் பை. வெயிலில் நான் ஓரமாக நின்றேன். நன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு நடந்தார். தலை குனிந்திருக்கவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன்.