கோரி களுவே டெஸ்ட்

சுரக்ஷா பங்கேராவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், கொஞ்சம் பயந்ததும் அதற்குத்தான்.

மடிவாளாவில் ஒரு பெண்கள் பி.ஜி.யில் நாங்கள் இருவரும் ஒரே அறை. நான் கிருஷ்ணகிரியில் பிறந்து, வேலைக்கென்று பெங்களூர் வந்து, இங்கேயே ஊறிப்போனவள். அவளுக்கு மங்களூர்ப் பக்கம், முல்கி. வீட்டில் துளு. கன்னடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டதால் புத்தகத்தில் அச்சடித்த மாதிரியே பேசுவாள். அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். டீக்கடையில் நின்று "தயவுசெய்து ஒரு தேநீர் தர இயலுமா?" என்கிற கணக்கில் கேட்பார்கள். பெங்களூர்ப் பையன்களுக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு வேண்டாம்.

அவளுக்கு வேலை, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனியில். சாம்பார் கொட்டிவிட்டது, பரோட்டா குறைகிறது என்று திட்டுகிறவர்களிடம் சாட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால் அறைக்கு வந்த பிறகு யாரிடமும் ஸாரி சொல்ல மாட்டாள். என் காலை மிதித்தால்கூடச் சொல்ல மாட்டாள்.

"ஸ்டாக் தீர்ந்துபோச்சு அக்கா. நாளைக்கு ஆபீஸ்ல போட்டுத் தரேன்."

முதல் சம்பளத்தில் பழைய ஃபோன் ஒன்று வாங்கினாள். பளபளவென்று இருந்தது. வாங்கின வாரமே, அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கையில் பாதிச் சார்ஜோடு செத்துப்போனது. திறந்து பார்த்தால் திரை மாற்றியது, பாட்டரி ஊதியது, காமிரா வேறு ஃபோனுடையது. விற்றவன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டான். வேறு யாராக இருந்தாலும் அழுது தீர்த்திருப்பார்கள். இவள் சிரித்தாள். அடுத்த ஒரு வருஷம், பழைய ஃபோனில் என்னென்ன வழியில் ஏமாற்றுவார்கள் என்று தோண்டித் தோண்டிக் கற்றுக்கொண்டாள்.

கற்றதையெல்லாம் 'சார்ஜர் சங்கா'வில் எழுதினாள். அது கன்னடத்தில் நடக்கிற ஒரு இணையக் குழு. எங்களைப் போல பி.ஜி.யிலும் வாடகை அறையிலும் கிடக்கிற இளவட்டங்கள், எந்த இயர்ஃபோன் வாங்கலாம், எந்த லேப்டாப் சூடாகிறது, பிரிந்துபோன காதலியின் ஓ.டி.டி. பாஸ்வேர்டை இன்னும் பயன்படுத்தலாமா என்றெல்லாம் அடித்துக்கொள்கிற இடம். அங்கே நான் மாடரேட்டர். சண்டை முற்றினால் பூட்டுப் போடுவது என் பொறுப்பு. சுரக்ஷா எழுதின 'பழைய ஃபோன் பார்ப்பது எப்படி' என்ற தொடருக்கு மட்டும் நான் பூட்டுப் போட நேர்ந்ததே இல்லை. வருகிறவர்கள் படித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போதுதான் சம்ப்ரீத் வந்து சேர்ந்தான். 'டெக் தொரெ' என்று ஒரு வீடியோ சேனல் நடத்துகிறவன், 'மச்சி' என்கிற மாதிரி எல்லாரையும் 'குரு' என்கிறவன். தொரெ என்றால் துரை. துரை எதையும் சொந்தமாக யோசிக்க மாட்டார். சுரக்ஷா இங்கே எழுதினால் அடுத்த வாரம் அவன் அங்கே பேசுவான். அவள் வரிசை, அவள் உதாரணம், ஓரிடத்தில் அவள் போட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே திரையில் ஓடியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

சுரக்ஷா மரியாதையாகத்தான் எழுதிக் கேட்டாள், அவளுடைய அந்தப் புத்தகக் கன்னடத்தில். அவன் அதை நேரலையில் எடுத்து, அவர்கள் ஊர் யக்ஷகானக் கூத்துக்காரன் குரலில் இழுத்து இழுத்துப் படித்தான்.

"'தாங்கள் எனது கட்டுரையை எடுத்தாண்டிருக்கிறீர்கள். எனது பெயரைக் குறிப்பிட வேண்டுகிறேன்.' ஐயோ குரு! யாரும்மா நீ? யக்ஷகான மேடையிலேர்ந்து கிரீடத்தோட நேரா இறங்கி வந்துட்டியா? மொதல்ல மனுஷன் பேசற கன்னடம் கத்துக்கோ, அப்புறம் பேர் போடறதப் பத்திப் பேசலாம்!"

பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சங்காவில் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினேன். அவனுடைய ரசிகர்கள் வந்து என்னையும் என் தமிழையும் சேர்த்து வாரிவிட்டுப் போனார்கள். சுரக்ஷா மட்டும் தட்டில் இருந்த பிசிபேளாபாத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். பழைய ஃபோன்களைச் சரிசெய்து விற்கிற ஒரு கம்பெனி, கன்னடத்தில் எழுத ஆள் தேடியது. மன்னிப்புக் கேட்கிற பிழைப்பிலிருந்து தப்பிக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி. தன் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, என் நீலக் குர்தாவைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் இரண்டு பக்கம் புரட்டினாராம். "மேடம், இது டெக் தொரெ வீடியோல வந்ததாச்சே. திருடுறதுன்னு முடிவு பண்ணா கொஞ்சம் யாருக்கும் தெரியாத ஆள்கிட்ட திருடக் கூடாதா?" என்றாராம்.

அவள் கட்டுரைகள் சங்காவில் வந்த தேதியைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அறைக்கு வந்து, குர்தாவை மடித்து என் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, என்னத் திருடின்னு சொல்லிட்டான் மாரே," என்றாள், அவர்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு வருகிற அந்த 'மாரே'யோடு. அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை.

"விட்டுடாதடி," என்றேன். "அந்த நாய..."

"விடறதா? அந்த வார்த்தை அவனோடது அக்கா. தப்பான அட்ரஸுக்கு வந்துடுச்சு. கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன். அவன் வாயாலயே, எங்க ஊர்ல வச்சு, நான்தான் திருடன்னு சொல்லணும்."

சில நாள் கழித்து, சங்காவில் அவளுடைய புதுக் கட்டுரை வந்தது. பழைய ஃபோனின் பாட்டரியைக் கடையில் நின்றபடியே சோதிக்கும் வழி. திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, டார்ச்சையும் போட்டு, பத்து நிமிஷம் வீடியோ எடு. சார்ஜ் ஒவ்வொரு படியாக இறங்கினால் வாங்கு. தொப்பென்று குதித்து விழுந்தால் ஓடிவந்துவிடு. இதற்கு அவள் வைத்த பெயரை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தாள்: Corey Kaluvey டெஸ்ட்.

"யாருடி இந்த வெள்ளைக்காரன், கோரி களுவே?" என்று கேட்டேன்.

சொன்னாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். துளுவில் கோரி என்றால் கோழி. களுவே என்றால் திருடன். வேறொன்றுமில்லை. முல்கியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டும் தெரியாது. ஹோட்டலில் கோழிக்குழம்பு ஊற்றின கோரி ரொட்டி கேட்டு வாங்கித் தின்பான். அதையே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டால் கையெடுத்துக் கும்பிடுவான்.

"டெஸ்டாவது நெஜமாடி? இல்ல அதுவும் உடான்ஸா?"

"டெஸ்ட் நெஜம் அக்கா. அதுல பொய் எழுதினா, நம்பி வாங்கற பாவப்பட்டவன்ல மாட்டுவான்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான்."

துளுக்காரர்கள் யாராவது உளறிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. அவளுக்கு அந்தக் கவலை இல்லை. ஊர்க்காரர்கள் குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரே வரிதான் போட்டாள்: நம் பேச்சை யக்ஷகானம் என்று கேலி செய்தவனுக்கு ஒரு பட்டம் தைக்கிறேன், அவன் போட்டுக்கொள்கிற வரை வாயைத் திறக்காதீர்கள். ஒரு கடற்கரையே வாயை மூடிக்கொண்டது. ரோஷக்காரர்கள்!

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். சம்ப்ரீத் அடுத்த வாரமே வாயைத் திறந்தான். இவள் வைத்த பெயரோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சொந்தச் சரக்கு வேறு சேர்த்துக்கொண்டான்.

"குரு, இந்த டெஸ்டக் கண்டுபிடிச்சவர் டாக்டர் கோரி களுவே. ஜெர்மனியில பெரிய பாட்டரி விஞ்ஞானி. அவரு டீமோட நான் மெயில்ல பேசிட்டுத்தான் உங்களுக்குச் சொல்றேன். எல்லாரும் கோரி களுவே ஆகுங்க குரு, ஏமாறாதீங்க!"

கீழே வந்து குவிந்த கருத்துகளைப் பார்க்க வேண்டுமே! 'நீங்கள்தான் எங்கள் கோரி களுவே சார்.' 'கர்நாடகத்தின் ஒரே கோரி களுவே.' 'உங்களைப் போல ஒரு கோரி களுவேயை எங்கள் ஊர் பார்த்ததே இல்லை.' எல்லாம் உடுப்பி, மங்களூர், புத்தூர்ப் பெயர்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டான். பெயரைச் சட்டையில் அச்சடித்து மாட்டிக்கொண்டான். சங்காவில் இருந்த துளுப் பையன்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்கள்: "அக்கா, முடியல. வயிறு வலிக்குது. இன்னும் எவ்வளவு நாள்?"

மங்களூரில் புதிதாக ஒரு ஃபோன் கடை திறக்க அவனைக் கூப்பிட்டபோதுதான் அந்த நாள் வந்தது. கூப்பிட்ட கடைக்காரர் சுரக்ஷாவின் அண்ணனோடு படித்தவர். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நானும் அவளோடு போயிருந்தேன். கடை வாசலில் சின்ன மேடை, ஸ்பீக்கர், சிவப்பு ரிப்பன். எனக்குத் தெரிந்து எந்த ஃபோன் கடைத் திறப்புக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மீன் விற்கிற பெண்கள்கூடக் கூடையோடு வந்து நின்றார்கள். எல்லாருடைய ஃபோனும் தலைக்கு மேலே இருந்தது. சம்ப்ரீத் கறுப்புச் சட்டையில் வந்து இறங்கினான். மார்பில் வெள்ளை எழுத்து, முதுகில் அதைவிடப் பெரிய எழுத்து. கூட்டம் "கோரி களுவே! கோரி களுவே!" என்று கத்தியது. அவன் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"மங்களூரு! இந்தப் பேரு எனக்கு நீங்க குடுத்தது. இன்னைக்கு உங்க முன்னாடி பெருமையாச் சொல்றேன். நான்தான் கோரி களுவே!"

ஆரவாரத்தில் எதிர்க்கட்டிடத்துக் காக்கைகள் பறந்தன. அந்த நேரம் பார்த்து சுரக்ஷாவின் தாய்மாமன் சேசப்பா மேடை ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் நல்ல சிவப்புச் சேவல் ஒன்றோடு. "எங்க ஊரு மரியாதை சார், புடிங்க," என்று அதை அவன் கையில் திணித்தார். அவனும் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டு, ஃபோன்களைப் பார்த்துச் சிரித்தான். சேவல் அவன் சட்டை எழுத்தைக் கொத்தியது.

சுரக்ஷா படியேறிப் போனாள். ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அந்தக் கன்னடத்தில், ஒரு எழுத்தும் தடுக்காமல் பேசினாள்.

"வணக்கம். யக்ஷகான மேடையிலிருந்து இறங்கி வந்தவள் நான்தான். தாங்கள் பேசும் கட்டுரைகளை எழுதியவளும் நான்தான். தங்கள் பட்டத்தின் பொருளைக் கூற வந்தேன். கோரி என்பது தங்கள் கையில் இருப்பது. களுவே என்பது அதைத் திருடி வைத்திருப்பவன்."

அவனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. சேவலைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். மீன்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மாரே, கோழியக் குடுத்துட்டுப் போ! எங்க சேசப்பாவோடது!" என்றாள். அதற்கப்புறம் சிரிப்பில் எதுவும் கேட்கவில்லை. சேவல் திமிறிக்கொண்டு ஸ்பீக்கர்மேல் ஏறிக் கூவியது. நானும் சிரித்தேன். அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது எனக்கு. சுரக்ஷாவுக்கு இருந்த மாதிரித் தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பெங்களூர் திரும்பின மறுநாள் அவன் ஃபோன் செய்தான். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, ப்ளீஸ். எல்லா வீடியோலயும் உங்க பேர் போட்டுடறேன். நான் தெரியாமச் சொன்னேன்னு மட்டும் நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. எங்க அப்பாவுக்கே அதை அனுப்பறாங்க, தெரு நாய்கூட மதிக்க மாட்டேங்குது."

அவள் சிரித்தாள். "தாங்கள் கூறுவது எனக்கு விளங்கவில்லை. மனிதர்கள் பேசும் கன்னடத்தை நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனிக்காரரிடமிருந்தும் மின்னஞ்சல் வந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம், வேலையில் சேர முடியுமா என்று. படித்துவிட்டு, "பாருங்க அக்கா, இதுவும் என்னோட வரிதான். ஆபீஸ்ல தினமும் நான் அடிக்கறது. ஸாரியக்கூட என்கிட்டேர்ந்துதான் எடுக்கறானுங்க," என்றாள். ஆனாலும் சேர்ந்தாள். கோபத்துக்காகச் சோற்றை உதைக்கிற ஆள் இல்லை அவள்.

போன மாதம், பழைய ஃபோன் கடைகள் நெருக்கியடிக்கிற எஸ்.பி. ரோட்டில் என் தம்பிக்கு ஒரு பழைய ஃபோன் பார்க்கப் போனேன். கடைப்பையன் பீகார்க்காரன், துளுவும் தெரியாது, மங்களூரும் தெரியாது, சம்ப்ரீத்தும் தெரியாது. ஃபோனை நீட்டிக்கொண்டே சொன்னான். "தீதி, வேணும்னா கோரி களுவே பண்ணிப் பாத்துக்கோங்க. நம்ம கடைல பயம் இல்ல." பக்கத்துக் கடையிலும் அதே வார்த்தை. பெயர் நிலைத்துவிட்டது.

அறைக்கு வந்ததும் வராததுமாக அவளிடம் பொரிந்து தள்ளினேன். "உன் மூளையடி அது! ஊரே பண்ணுது, ஒருத்தனுக்கும் உன் பேர் தெரியல. எந்தப் பேருக்காக இவ்வளவும் பண்ணினியோ, அது மட்டும் வரவே இல்லையே. உனக்கு வயிறு எரியல?"

அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எரியத்தான் செய்தது, எனக்குத் தெரியும்.

"எரியுது அக்கா," என்றாள். பிறகு அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "ஆனா அவனும் ஒரு நாள் ஃபோன் வாங்கப் போவான்ல? கடைக்காரன் ஃபோன நீட்டிட்டு, அவன் மூஞ்சியப் பாத்துக் கேப்பான், 'சார், கோரி களுவேயா?' அவன் என்ன பதில் சொல்லுவான், சொல்லுங்க."